மஞ்சள் 14 பறந்த வானம்: அலெக்சாண்ட்ரியா முதல் மர்சா மத்ரூ வரை

நவம்பர் 17, அலெக்சாண்ட்ரியா

எகிப்தில் மழையே பெய்யாது என்று நம்பி வருகிறவர்களை அலெக்சாண்ட்ரியா நவம்பரில் நன்றாக நனைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். ரயில் நிலையத்துக்கு வெளியே கணுக்கால் வரை தண்ணீர். ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் ஏறி நடந்துபோகச் சொல்லிக்கொண்டிருந்தார். காசு எதுவும் கேட்கவில்லை. குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் இந்த ஊர்க்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எது எந்த வாரம் வரும் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். நான் வந்த வாரத்துப் புயலின் பெயர் மக்னஸா.

கறுப்பு மஞ்சள் டாக்ஸிக்காரர் 200 பவுண்டில் ஆரம்பித்து 120-க்கு இறங்கினார். ஒரு எகிப்து பவுண்டு நம் பணத்தில் இரண்டு ரூபாய்க்குள்தான். ஏறி உட்கார்ந்ததும் "ஹிந்தி?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினால் அடுத்து "அமிதாப் பச்சன்!" அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பொதுமொழி இல்லை. விடுதி வந்து சேரும்வரை அமிதாப்பை வைத்தே ஒப்பேற்றினோம்.

ராத்திரிச் சாப்பாடு தெருவோரக் கடையில். ஈரலைப் பொடியாக நறுக்கி, பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு இரும்புத் தட்டில் சுட்டு, நீள ரொட்டிக்குள் திணித்துத் தருகிறார்கள். கிப்தா என்று பெயர். ஒன்று 30 பவுண்டு. மிளகாய் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சைகை காட்டியதும் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்க்க வைத்தார். ஊறுகாயை ஓசியில் கொடுத்தார்.

எதற்காக இந்தப் பயணம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹான்ஸ்-யோஆகிம் மார்செய் என்ற ஜெர்மன் சண்டை விமானி இரண்டாம் உலகப் போரில் இந்தக் கடற்கரையோரப் பாலைவனத்தின்மேல் ஒன்றரை வருடம் பறந்தார். தலைப்பில் உள்ள மஞ்சள் 14, அவர் விமானத்தில் மஞ்சளில் எழுதியிருந்த எண். 1919 டிசம்பரில் பெர்லினில் பிறந்தவர். 158 எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கு. அதில் 7 இங்கிலீஷ் கால்வாய்ப் பக்கம், மீதி 151 வட ஆப்பிரிக்காவில். 1942 செப்டம்பர் 30 அன்று, 22 வயதில், இங்கிருந்து மேற்கே உள்ள பாலைவனத்தில் விழுந்து இறந்தார். அந்த இடத்தில் சின்னதாக ஒரு கல் பிரமிடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பியிருக்கிறேன். விமானங்கள் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நவம்பர் 18, எல் அலமெய்ன்

காலையில் மழை விட்டுவிட்டது. காற்று விடவில்லை. மைக்ரோபஸ் ஆள் நிரம்பிய பிறகுதான் கிளம்பும். கடைசி சீட்டில் இருந்தவர் கொடுத்த நோட்டு கைமாறிக் கைமாறி முன்னால் போய், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வந்தது. நம்ம ஊர் டவுன் பஸ் ஞாபகம் வந்தது. இங்கே டிரைவரே வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தக் கணக்கையும் பார்க்கிறார் என்பது மட்டும் பயமாக இருந்தது.

நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போனால் அலமெய்ன். 1942-ல் பிரிட்டிஷ் தரப்பும் ஜெர்மன், இத்தாலியப் படைகளும் மோதிக்கொண்ட இடம். இந்தக் கடற்கரை முழுக்கக் கோடை வீடுகள். ஆகஸ்டில் பாதி கெய்ரோ இங்கேதான் இருக்குமாம். நவம்பரில் சாப்பாட்டுக் கடைகளின் ஷட்டரெல்லாம் இறங்கிக் கிடக்கின்றன. திறந்திருந்த ஒரே மளிகைக் கடையில் ரொட்டி, வெள்ளைச் சீஸ், ஒரு டின் சூரை மீன் வாங்கி, சுவரோரம் நின்று சாப்பிட்டேன். 95 பவுண்டு. கடைப் பையன் தானாகவே ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து கொடுத்தான். காசு நீட்டியதும் நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றான்.

காமன்வெல்த் கல்லறைத் தோட்டத்தில் 7,240 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் 815 பேர் யாரென்றே தெரியாது. புல் கிடையாது, மணலும் கள்ளிச் செடிகளும்தான். நுழைவாயிலாக இருக்கும் நீண்ட மண்டபத்தின் சுவர்களில், கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள். தரைப்படையில் 8,500 பேருக்கு மேல், விமானப்படையில் 3,000 பேருக்கு மேல். எகிப்து, லிபியா மட்டுமல்ல, கிரீஸ், ஈராக் என்று சுற்றுவட்டாரப் போர்முனைகளில் காணாமல் போனவர்களும் இதில் சேர்த்தி. விமானப்படைப் பலகைகளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். எழுத்து சின்னது, வெயில் பக்கவாட்டில் அடித்ததால்தான் படிக்க முடிந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று வரிசையாகப் பெயர்கள்.

தென்கிழக்கு ஓரத்தில் தனியாக ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 600-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அதாவது நம்மவர்கள். நான்காவது இந்திய டிவிஷன் இந்தப் பாலைவனத்தில் சண்டை போட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸும் அதில் இருந்தார்கள். கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது, தண்ணீருக்கு வழி செய்வதெல்லாம் அவர்கள் வேலை. தோட்டக்காரர் என்னைப் பார்த்ததுமே, நான் எதுவும் கேட்காமல், கையைப் பிடித்து நேராக அங்கே கூட்டிக்கொண்டு போனார். இந்தியர்கள் வந்தால் அங்கேதான் போவார்கள் என்பது அவருக்குப் பழக்கம்போல. டிப்ஸ் 50 பவுண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அதில் தப்பொன்றும் இல்லை.

அப்புறம் ராணுவ அருங்காட்சியகம். பயணத்தில் இதுவரை பார்த்ததில் மனதை அதிகம் தொந்தரவு செய்தது இங்கே நிற்கும் ஒரு கிட்டிஹாக் விமானம்தான். 1942 ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் டென்னிஸ் காப்பிங் என்ற 24 வயதுக்காரர், பழுதுபட்ட அந்த விமானத்தைச் சரிசெய்ய வேறு தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழி தவறிவிட்டது. 70 வருடம் கழித்து, 2012-ல், எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு போலந்துக்காரர் கண்ணில் அந்த விமானம் பட்டது. மணலில் கிட்டத்தட்ட முழுசாகக் கிடந்தது. இறங்கிய பிறகு காப்பிங் உயிரோடு இருந்திருக்கிறார். ரேடியோவையும் பேட்டரியையும் வெளியே எடுத்துப் பார்த்ததற்கு அடையாளம் இருந்தது. பாராசூட் துணியை நிழலுக்குக் கட்டியிருக்கிறார். ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

அந்த விமானத்துக்குத்தான் இங்கே பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பாலைவனம் 70 வருடம் தேய்த்து வைத்திருந்த உலோகத்தை ஒரே வாரத்தில் பொம்மையாக்கிவிட்டார்கள் என்று விமானப் பித்தர்கள் அப்போதே கொதித்தார்கள். நேரில் பார்த்த பிறகு நானும் அவர்கள் கட்சிதான்.

இந்த கிட்டிஹாக்கைப் பார்க்காமல் மார்செயின் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் ஆப்பிரிக்காவில் கணக்குக் காட்டிய 151-ல் 101 இந்த ரகமும் இதன் அண்ணனான டொமஹாக்கும்தான். 30 ஹரிக்கேன், 16 ஸ்பிட்ஃபயர், இரண்டும் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள். குண்டுவீச்சு விமானங்கள் வெறும் 4. கிட்டிஹாக் உயரத்தில் திணறும். மார்செயின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 மேலே ஏறி நின்றுகொண்டு, எப்போது சண்டை, எப்போது இல்லை என்பதைத் தானே முடிவுசெய்யும். கீழே இருப்பவர்கள் தற்காப்புக்காக ஒருவர் வாலை ஒருவர் காக்கும்படி வட்டம் கட்டிப் பறப்பார்கள். மற்ற ஜெர்மன் விமானிகள் அந்த வட்டத்துக்குள் போகவே தயங்கினார்கள். மார்செய் மேலிருந்து அதற்குள் பாய்வார், எஞ்சின் வேகத்தைச் சட்டென்று குறைப்பார், வளைந்து ஓடும் விமானம் எங்கே இருக்கிறதோ அங்கே சுடாமல் அடுத்த நொடி எங்கே வருமோ அங்கே சுடுவார். ஒரு விமானத்துக்குச் சராசரியாகப் பதினைந்து குண்டு போதும் என்று அவருடைய தளத்து ஆயுதக்காரர்கள் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். 1942 ஜூன் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் 5-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆறு டொமஹாக்குகள் ஒரே சண்டையில் போயின. அவற்றில் ஐந்து, ஆறே நிமிடங்களில்.

திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். இங்கே ஜெர்மன் தரப்பின் தளபதியாக இருந்த ரோம்மலின் டாங்குகளைப் பெட்ரோல் இல்லாமல் நிறுத்தியது எதிரியின் சண்டை விமானங்கள் அல்ல, குண்டுவீச்சு விமானங்கள். அவை வரிசை கட்டி வந்து லாரிகளையும் துறைமுகங்களையும் அடித்துக்கொண்டே இருந்தன. நட்சத்திர விமானி சுட்டதோ துணைக்கு வந்த கிட்டிஹாக்குகளை. எண்ணிக்கைதான் பதக்கம், எண்ணிக்கைதான் பத்திரிகைச் செய்தி என்று ஆன பிறகு எது சுலபமாக எண்ணிக்கையைக் கூட்டுமோ அதைத்தான் எவரும் சுடுவார்கள். 1942 செப்டம்பர் 1 அன்று ஒரே நாளில் 17 என்று கணக்கு. அதில் எல்லாமே விழுந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதினேழோ பன்னிரண்டோ, எகிப்தில் ரோம்மல் அப்போது நடத்திக்கொண்டிருந்த கடைசித் தாக்குதல் சில நாட்களில் தோற்றுப்போனது.

நவம்பர் 19, சிதி அப்துல் ரஹ்மான்

நேற்றிரவு தங்கிய அபார்ட்மென்டில் வெந்நீர் இல்லை. சீசன் இல்லாததால் 600 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். சீசன் இல்லாததால்தான் வெந்நீரும் இல்லையாம். இரண்டு கம்பளி போட்டும் கால் சில்லிட்டது. ஜன்னல் இடுக்கு வழியே மணல் வந்து தலையணையில் உட்கார்ந்திருந்தது.

காலையில் முதலில் ஜெர்மன் நினைவிடம். கடலைப் பார்த்த ஒரு மேட்டில் எண்கோண வடிவக் கோட்டை, 1959-ல் திறந்தது. 4,200 பேர் உள்ளே. வாசலில் யாரும் இல்லை. ஹாரன் அடித்ததும் எங்கிருந்தோ ஒரு பெதுவின் (பாலைவன அரபுப் பழங்குடி) காவலாளி சாவிக் கொத்தோடு நடந்து வந்தார். உள்ளே இருட்டும் குளிரும். நடுமுற்றத்தில் மட்டும் வானம் தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். தமிழில் எழுதினேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், நேராகப் பார்த்தார், சிரித்தார். மார்செய் இங்கே இல்லை. முதலில் லிபியாவில் தெர்னாவில் புதைத்தார்கள், பிறகு தோப்ரூக் நினைவிடத்துக்கு மாற்றினார்கள். இத்தாலிய நினைவிடம் வெள்ளை வெளேரென்று ஒரு கோபுரம். உள்ளே போய்த் திரும்பினேன். அதைவிட அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கல் மனதில் நின்றது: "அதிர்ஷ்டம்தான் இல்லை, வீரம் இருந்தது. 1.7.1942. அலெக்சாண்ட்ரியா 111 கி.மீ." தோற்ற படைகள் எல்லாம் இப்படித்தான் எழுதிவைக்கும்.

சரி, பிரமிடுக்கு வருவோம். சிதி அப்துல் ரஹ்மானிலிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டர் பாலைவனம். அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று அலெக்சாண்ட்ரியாவில் ஏற்பாடு செய்தவர் அடித்துச் சொல்லியிருந்தார். உள்ளூர் டிரைவர் டொயோட்டா பிக்கப்போடு வந்தார். 1,500 பவுண்டு. தார் ரோட்டை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே செக்போஸ்ட். அனுமதிக் காகிதம் எங்கே என்றார்கள். காகிதமா? போனில் கூப்பிட்டால் ஏற்பாடு செய்தவர் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு போனே அணைந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மரியாதையாகத்தான். இளம் அதிகாரி ஒருவர் பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். டீ வந்தது, பாதி கிளாஸ் சர்க்கரை. பிறகு மொபைலில் ஒரு வரைபடத்தைக் காட்டி விரலால் வட்டம் போட்டார். "லகம்" என்றார். கண்ணிவெடி. போர் முடிந்து 80 வருடம் ஆகியும் இந்தப் பாலைவனத்தில் லட்சக்கணக்கில் புதைந்து கிடக்கின்றன. ஆடு மேய்க்கப் போகும் பெதுவின்கள் கால் போய்த் திரும்புகிறார்கள். என் டிரைவர், தன் மாமாவுக்கு இரண்டு விரல் இல்லை என்று கையைக் காட்டினார். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

செக்போஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து தெற்கே பார்த்தேன். தட்டையான மண், முள் புதர், மின்கம்பங்கள். அந்தப் பக்கம்தான். அன்று ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் போய்விட்டு மார்செய் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரியோடு சண்டையே நடக்கவில்லை. புதிதாக வந்த ஜி ரக மெஸ்ஸர்ஷ்மிட்டில் எஞ்சின் தீப்பிடித்தது. காக்பிட் முழுக்கப் புகை, கண் தெரியவில்லை. கூடப் பறந்தவர்கள் ரேடியோவில் வழி சொல்லிச் சொல்லித் தங்கள் படை இருக்கும் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே விழுவதற்காக விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். அது மூக்கைக் குத்திக்கொண்டு பாய்ந்தது. வெளியே வந்தவர் வால் பகுதியில் மோதினார். பாராசூட் விரியவில்லை. கூடப் பறந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மார்செயின் விமானப் பிரிவைச் சில வாரங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தே விலக்கினார்கள். அந்த அளவுக்கு ஒரே ஆளை நம்பியிருந்திருக்கிறார்கள்.

முதலில் இருந்த கல் குவியலை எடுத்துவிட்டு இப்போதுள்ள பிரமிடை 1989-ல் கட்டினார்கள். அவருடைய பழைய தளபதி எட்வார்ட் நாய்மன் அதில் முன்நின்றவர். இந்த நாய்மன் இல்லாவிட்டால் மார்செயே இல்லை. அதற்கு முன் மார்செய் இருந்த பிரிவின் தலைவர் யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப் அவரைத் துரத்திவிட்டார். சொன்ன பேச்சு கேட்பதில்லை, ராத்திரி முழுக்கப் பெண்கள், ஜாஸ் இசை, காலையில் பறக்கத் தெம்பு இருக்காது. ஆப்பிரிக்காவுக்கு வந்த 1941 ஏப்ரலில், தோப்ரூக் பக்கம் முதல் வெற்றி கண்ட அன்றே, பிரிட்டிஷ் பக்கம் நின்று சண்டை போட்ட சுதந்திர பிரெஞ்சுப் படையின் விமானி ஜேம்ஸ் டெனி அவரைச் சுட்டு இறக்கினார். அடுத்த மாதம் அதே டெனி மறுபடியும். நாய்மன் தண்டித்தார், திட்டினார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

டிரைவர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கேட்கவே இல்லை, தானாகவே. கூடவே வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆட்டுக்கறியும் சோறும் போட்டார். ஒரே பெரிய தட்டு, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கையால். நான் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து அவருடைய அப்பாவுக்கு ஏக சந்தோஷம். நல்ல துண்டையெல்லாம் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ஐரோப்பியர்கள் வந்தால் ஸ்பூன் கேட்பார்களாம்.

நவம்பர் 20, மர்சா மத்ரூ

மேற்கே போகும் வழியில் தபா. 1942-ல் ஜெர்மன் விமானத் தளங்கள் இருந்த கடற்கரைப் பட்டை இதுதான். இப்போது மைல் கணக்கில் வேலியும் கிரேன்களும். ரஷ்யாவின் ரோசாட்டம் இங்கே 1,200 மெகாவாட் அணு உலைகள் நான்கு கட்டுகிறது. கூடங்குளத்தில் இருப்பவற்றின் அடுத்த தலைமுறை. பக்கத்து சீட்காரர் அங்கே வெல்டராம். நல்ல சம்பளம், ஆனால் கடல் பக்கம் இருந்தும் மீன் பிடிக்க விடுவதில்லை என்பது அவருடைய குறை.

மத்ரூவில் கடலின் நிறத்தை எழுத என்னிடம் சரக்கு இல்லை. கடற்கரை காலி. ரோம்மல் குகை என்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பாறைக்குள் வரைபடங்கள், கோட்டு, பெட்டிகள். பதினைந்து நிமிடம் போதும். கரைக்குத் திரும்பி வறுத்த மீனும் தஹினியும் சாப்பிட்டேன், 220 பவுண்டு. இந்தப் பயணத்திலேயே நல்ல சாப்பாடு இதுதான்.

மார்செயைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று, சுட்டு வீழ்த்திய ஆஸ்திரேலிய விமானி பேட் பையர்ஸ் உயிரோடு இருப்பதாகச் சொல்ல, எதிரித் தளத்தின்மேல் பறந்து போய்க் கடிதம் போட்டது. பையர்ஸ் பிறகு காயத்தில் இறந்தபோதும் மறுபடி பறந்து சொல்லியிருக்கிறார். இன்னொன்று, பிடிபட்ட தென்னாப்பிரிக்கக் கறுப்பின வீரர் மாத்யூ லெட்டுலுவைத் தன் கூடாரத்தில் வைத்துக்கொண்டு நண்பனாக நடத்தியது. இரண்டும் நடந்தவைதான். நல்ல மனசு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லெட்டுலு கைதி. நட்பு பிடிக்கவில்லை என்றால் கிளம்பிப் போகும் வசதி அவருக்கு இல்லை. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஹிட்லர் அரசுக்கு அழகான முகம் ஒன்று தேவைப்பட்டது, ஆப்பிரிக்காவின் நட்சத்திரம் என்று செய்திப்படத்தில் காட்டினார்கள். அந்தப் படத்தில் லெட்டுலுவுக்கு இடமில்லை.

ஜெர்மனியே பிறகு யோசித்திருக்கிறது. ஹாம்பர்க் அருகே ஒரு விமானப்படை முகாமுக்கு 1975-ல் மார்செய் பெயரை வைத்தார்கள். 2021-ல் எடுத்துவிட்டு யுர்கன் ஷூமன் பெயரை வைத்தார்கள். 1977-ல் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்தின் கேப்டன், ஏடனில் கடத்தல்காரனால் சுட்டுக் கொல்லப்பட்டவர். யாரையும் சுட்டு வீழ்த்தாத விமானி. எனக்கு அந்த மாற்றம் சரியென்றே படுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: பிரமிடுக்கு அனுமதியைக் கெய்ரோவிலேயே, எழுத்தில், பல வாரம் முன்னதாக வாங்குங்கள். போனில் "எல்லாம் ஆச்சு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அக்டோபர் தாண்டிப் போனால் அலமெய்னில் சாப்பாடு கிடைக்காது, கையில் எடுத்துப் போங்கள். மார்செயின் 158 கோடுகள் போட்ட வால் சுக்கான் பெர்லின் காட்டோ ராணுவ விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கண்ணிவெடி எதுவும் தாண்ட வேண்டியதில்லை. என் பஸ் ராத்திரி பத்துக்கு. ஹீட்டர் வேலை செய்யும் என்று டிக்கெட் கொடுத்தவர் சத்தியம் செய்திருக்கிறார்.